பாபி ஜோன்ஸும் அகஸ்டாப் புல்வெளியும்

கோல்ப் என்னும் ஆட்டத்தை நம்மில் பெரும்பாலோர் மதிலுக்கு வெளியே நின்றே அறிந்திருக்கிறோம். பிழைப்பை நாடி வந்து நாம் குடியேறியிருக்கும் நகரங்களில், காலனியிலிருந்து அலுவலகத்திற்குச் செல்லும் பஸ் ஏதேனும் ஒரு நீண்ட மதிலை ஒட்டிச் செல்லக் காண்கிறோம். மதிலின் இடைவெளியில் பசும்புல் வெளியும், தோளில் மட்டைப் பையைச் சுமந்து செல்லும் ஏழைத் தொழிலாளரும், அவர்களுக்கு முன்னால் கைவீசி நடக்கும் பெரிய மனிதர்களும் ஒரு கணம் தென்பட்டு மறைவர். நம் நாட்டுக்கு இந்த ஆட்டம் புதிதன்று. கல்கத்தாவில் 1829-ஆம் ஆண்டிலேயே கோல்ப் கிளப் தோன்றிவிட்டது. ஆயினும் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக இது நமக்கு மதிலுக்கு அப்பாற்பட்ட ஆட்டமாகவே இருந்து வந்திருக்கிறது.

அத்தகைய மதில்களுள் உலகிலேயே புகழ்பெற்ற ஒன்று அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்பகுதியில், ஜார்ஜியா மாகாணத்து அகஸ்டா நகரில் இருக்கிறது. அதை எழுப்பியவர் பாபி ஜோன்ஸ். விளையாட்டு உலகில் நேர்மைக்கு ஓர் இலக்கணமாகப் போற்றப்படுபவர் அவர். அவருடைய வாழ்க்கையையும், அவர் அமைத்த கிளப்பின் கதையையும் சேர்த்துப் பார்த்தால், சங்கம் வைத்து நடத்தும் நமக்கும் எண்ணிப் பார்க்க ஒரு செய்தி கிடைக்கும் என்று கருதி, இவ்வாண்டு மலரில் அதனைச் சொல்ல முற்படுகிறோம்.

ஆட்டத்தைப் பற்றி முதலில் இரண்டொரு வார்த்தை. சிறு பந்து ஒன்றை மட்டையால் அடித்து, சில நூறு கஜத்துக்கு அப்பால் உள்ள குழியில் விழச்செய்ய வேண்டும். பதினெட்டுக் குழிகள் கொண்டது ஒரு சுற்று. குறைந்த அடிகளில் சுற்றை முடிப்பவரே வெற்றி பெறுவார். கிரிக்கெட்டில் உள்ளதுபோல் ஒவ்வோர் அடிக்கும் பக்கத்தில் நடுவர் நிற்பதில்லை. புதர் மறைவிலோ மணற்பள்ளத்திலோ ஆட்டக்காரர் தனித்து நின்று பந்தை அடிக்க நேரும். அங்கே பிழை செய்தால் அவரே வந்து சொல்ல வேண்டும். ஆடுபவரின் மனச்சாட்சியை நம்பி அமைந்த ஆட்டம் இது. இந்த ஒன்றை நினைவிற் கொண்டால் போதும். மேலே சொல்லப்போவது விளங்கும்.

ஏரிக்கரைச் சிறுவன்

ராபர்ட் டயர் ஜோன்ஸ் 1902-ஆம் ஆண்டு மார்ச் 17-ந் தேதி அட்லாண்டா நகரில் பிறந்தார். தந்தை வக்கீல். பிறந்ததிலிருந்தே பிள்ளை நோஞ்சான். ஐந்து வயது வரையில் கெட்டியான உணவு எதுவும் அவனுக்குச் செரிக்கவில்லை. நல்ல காற்றுப் பட்டாலாவது உடல் தேறும் என்று கருதிய பெற்றோர், நகருக்கு வெளியே ஈஸ்ட் லேக் என்னும் ஏரிக்கரைப் பகுதிக்குக் கோடை காலத்தில் குடிபோயினர். அங்கே ஒரு கோல்ப் மைதானம் இருந்தது.

அம்மைதானத்தில் ஆட்டம் கற்பிக்க ஸ்காட்லாந்திலிருந்து வந்தவர் ஸ்டூவர்ட் மெய்டன். சிறுவன் பாபி அவரிடம் முறையாகப் பாடம் கேட்டவனல்லன். அவர் ஆடும்போதெல்லாம் பின்னாலேயே நடந்து சென்று, கண்ணால் கண்டதைக் கையால் செய்துபார்த்துத் தேர்ந்தான். ஆறு வயதில் குழந்தைகளுக்கென நடந்த ஒரு சிறு போட்டியில் அவனுக்குக் கோப்பையும் கிடைத்தது. இந்தக் கோப்பைக்கு ஒரு கதை உண்டு. அன்று உடன் ஆடியவர்களுள் அலெக்ஸா ஸ்டர்லிங் என்ற சிறுமியும் ஒருத்தி. உண்மையில் வென்றவள் அவளே என்றும், கோப்பை தமக்குத் தரப்பட்டுவிட்டது என்றும் ஜோன்ஸ் பிற்காலத்தில் ஒளிக்காமல் சொல்லி வந்தார். அந்த அலெக்ஸா பின்னாளில் 1916, 1919, 1920 ஆகிய மூன்று ஆண்டுகளில் அமெரிக்கப் பெண்கள் அமெச்சூர் பட்டத்தை வென்றார். இப்பெண்மணியின் பெயரை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

பதினான்காம் வயதில், 1916-இல், பிலடெல்பியா நகரை அடுத்த மெரியான் மைதானத்தில் நடந்த அமெரிக்க அமெச்சூர் போட்டியில் பாபி கலந்துகொண்டார். பத்திரிகைகள் அவரை அதிசயப் பிள்ளை என்று கொண்டாடின. ஆனால் அதன்பின் ஏழாண்டுக் காலம் பெரிய வெற்றி ஒன்றும் கிட்டவில்லை. திறமையில் குறைவில்லை, கோபமே குறுக்கே நின்றது. அடி பிசகினால் மட்டையை வீசி எறிவார். 1921-இல், கோல்ப் ஆட்டத்தின் தாயகமாகிய ஸ்காட்லாந்து ஸெயின்ட் ஆண்ட்ரூஸ் மைதானத்தில் பிரிட்டிஷ் ஓபன் போட்டியின் மூன்றாம் சுற்றை ஆடிக்கொண்டிருந்தார். பதினோராம் குழிக்கருகே மணற்பள்ளத்தில் சிக்கிய பந்து எளிதில் வெளிவரவில்லை. பொறுமை இழந்து பந்தைக் கையிலெடுத்துக்கொண்டார். போட்டி அவருக்கு அத்துடன் முடிந்தது. அந்தச் செயலை எண்ணி அவர் வாழ்நாள் முழுவதும் நாணினார். எந்த ஊரில் நிதானம் இழந்தாரோ அந்த ஊரே பிற்காலத்தில் அவரைத் தன் சொந்த மகனாக ஏற்றுக்கொண்டது.

யாரும் காணாத ஓர் அசைவு

கோபத்தை அடக்கக் கற்றதும் வெற்றிகள் தொடர்ந்தன. 1923-இல் அமெரிக்க ஓபன் பட்டத்தை வென்றார். அது முதல் 1930 வரை எட்டே ஆண்டுகளில் பதின்மூன்று பெரும் பட்டங்கள் அவரிடம் சேர்ந்தன. அமெரிக்க ஓபன் நான்கு, பிரிட்டிஷ் ஓபன் மூன்று, அமெரிக்க அமெச்சூர் ஐந்து, பிரிட்டிஷ் அமெச்சூர் ஒன்று.

இத்தனையும் அவருக்குப் பொழுதுபோக்கு என்றால் நம்புவது அரிது. ஆட்டத்தின் மூலம் ஒரு காசும் பரிசாகப் பெறாத அமெச்சூராகவே அவர் நின்றார். ஜார்ஜியா தொழில்நுட்பக் கல்லூரியில் இயந்திரப் பொறியியல் படித்து 1922-இல் பட்டம் பெற்றார். ஹார்வர்டு பல்கலைக் கழகத்தில் ஆங்கில இலக்கியம் பயின்று 1924-இல் மற்றொரு பட்டம் பெற்றார். பின்னர் எமரி பல்கலைக் கழகத்தில் சட்டம் படிக்கத் தொடங்கி, படிப்பு முடிவதற்குள்ளேயே வக்கீல் பரீட்சையில் தேறித் தந்தையின் தொழிலில் சேர்ந்துகொண்டார். 1924-இல் மேரி மலோன் என்னும் மங்கையை மணந்து மூன்று மக்களுக்குத் தந்தையானார். ஆண்டில் பெரும்பகுதி அவருக்குப் படிப்பும் தொழிலும் குடும்பமுமே; எஞ்சிய சில வாரங்களிலேயே பெரும் போட்டிகளில் ஆடினார்.

ஆயினும் அவர் பெயர் நிலைத்தது வென்ற போட்டிகளால் மட்டுமன்று. தோற்ற ஒரு போட்டியாலும் ஆகும். 1925-இல் மாஸசூஸெட்ஸ் மாகாணத்து வொர்ஸ்டரில் அமெரிக்க ஓபன் நடைபெற்றது. முதல் சுற்றில் அவர் பந்து நீண்ட புல்லுக்குள் கிடந்தது. அடிப்பதற்காக மட்டையை அருகே வைத்தபோது பந்து இம்மியளவு அசைந்தது. விதிப்படி அதற்கு ஓர் அடி தண்டம். கூட ஆடியவரும் அதைப் பார்க்கவில்லை; அதிகாரிகளும் பார்க்கவில்லை; சுற்றி நின்ற மக்களும் பார்க்கவில்லை. பார்த்தவர் ஜோன்ஸ் ஒருவரே. அவரே சென்று சொல்லி, ஓர் அடியைத் தம் கணக்கில் ஏற்றச் செய்தார்.

நான்கு சுற்றுகள் முடிந்தபோது அவரும் வில்லி மக்பார்லேன் என்பவரும் சமநிலையில் இருந்தனர். அந்த ஓர் அடி இல்லையேல் பட்டம் அன்றே ஜோன்ஸுடையதாகியிருக்கும். மறுநாள் முடிவுக்காக மீண்டும் ஒரு சுற்று ஆடினர்; அதுவும் சமம். பின்னும் ஒரு சுற்று ஆடினர். ஜோன்ஸ் ஓர் அடியில் தோற்றார். பத்திரிகையாளர் அவர் நேர்மையைப் புகழ்ந்தபோது அவர் மகிழவில்லை. விதியை மதிப்பது ஆட்டக்காரனின் கடமை, கடமைக்குப் பாராட்டு எதற்கு என்பதே அவர் எண்ணம். அமெரிக்கக் கோல்ப் சங்கம் பண்புள்ள ஆட்டக்காரர்க்கு வழங்கும் விருது 1955 முதல் அவர் பெயராலேயே வழங்கப்பட்டு வருகிறது.

ஓராண்டில் நான்கு கோப்பைகள்

1930-ஆம் ஆண்டு அவர் செய்து காட்டியது அதற்கு முன் எவரும் செய்யாதது. மே மாதம் ஸெயின்ட் ஆண்ட்ரூஸில் பிரிட்டிஷ் அமெச்சூர் பட்டம். ஜூன் மாதம் ஹாய்லேக்கில் பிரிட்டிஷ் ஓபன். ஜூலையில் மின்னஸோட்டாவில் அமெரிக்க ஓபன். செப்டம்பரில், பதினான்கு வயதுப் பையனாக முதன்முதல் காலடி வைத்த அதே மெரியானில் அமெரிக்க அமெச்சூர். இரண்டு தேசங்களின் நான்கு பட்டங்களையும் ஒரே ஆண்டில் வென்றார். நியூயார்க் நகரம் கப்பல் துறையிலிருந்து அவரை ஊர்வலமாக அழைத்துச் சென்று கொண்டாடியது.

அவ்வாண்டு நவம்பரில், இருபத்தெட்டாம் வயதில், போட்டிகளிலிருந்து விலகுவதாக அறிவித்தார். புகழின் உச்சியில் நிற்கும்போதே கீழே இறங்கத் தெரிந்தவர்கள் உலகில் மிகச் சிலரே. பெரும் போட்டிகள் அவர் உடலையும் நரம்பையும் வாட்டிவந்தன. ஒவ்வொரு போட்டியின்போதும் அவர் பல பவுண்டு எடை இழப்பது வழக்கம். இனி நண்பர்களோடு அமைதியாக ஆட வேண்டும் என்பதே அவர் விரும்பியது. ஆனால் எந்த மைதானத்திற்குப் போனாலும் வேடிக்கை பார்க்கும் கூட்டம் சூழ்ந்துகொண்டது. தமக்கென ஒரு புல்வெளி இருந்தாலன்றி அமைதி இல்லை என்று கண்டார். அகஸ்டா கிளப்பின் வித்து இதுவே.

நாற்றுப் பண்ணை புல்வெளியான கதை

அகஸ்டா, அட்லாண்டாவுக்குக் கிழக்கே உள்ள ஊர். அங்கே குளிர்காலத்திலும் குளிர் அதிகமில்லை. வடக்கேயுள்ள செல்வர்கள் குளிர்காலத்தைக் கழிக்க அங்கு வருவதுண்டு. கிளிபர்டு ராபர்ட்ஸ் என்னும் நியூயார்க் நிதித்துறையாளர் ஜோன்ஸின் நண்பர். இருவரும் சேர்ந்து 365 ஏக்கர் நிலம் ஒன்றைக் கண்டனர். பெல்ஜியம் நாட்டிலிருந்து வந்த பெர்க்மன்ஸ் குடும்பத்தார் 1857 முதல் நடத்திய நாற்றுப் பண்ணை அது. பீச் பழ மரங்களும் அசேலியாச் செடிகளும் அங்கிருந்து பல ஊர்களுக்குச் சென்றன. பண்ணை மூடப்பட்டு நிலம் கேட்பாரற்றுக் கிடந்தது. 1931-இல் எழுபதாயிரம் டாலருக்கு அதை வாங்கினர். 1854-இல் கட்டிய பழைய வீடே கிளப்பின் மாளிகையாயிற்று. வாயிலிலிருந்து மாளிகை வரையில் இருபுறமும் பண்ணையார் நட்டுவைத்த அறுபதுக்கு மேற்பட்ட மக்னோலியா மரங்கள் இன்றும் நிழல் பரப்பி நிற்கின்றன.

மைதானத்தை வகுத்தவர் அலிஸ்டர் மக்கென்ஸி. மருத்துவம் படித்தவர், போயர் யுத்தத்தில் பணிபுரிந்தபோது, நிலத்தின் மேடுபள்ளங்களைக் கொண்டே போயர்கள் தங்களை மறைத்துக்கொள்வதைக் கண்டு, அந்த நுட்பத்தைப் பின்னர் கோல்ப் மைதானங்களுக்குப் பயன்படுத்தியவர். ஜோன்ஸும் அவரும் ஒத்த கருத்தினர். எளிய ஆட்டக்காரரும் மகிழ்ந்து ஆட வேண்டும், வல்லவரும் யோசித்தே ஆட வேண்டும் என்பது அவர்கள் நோக்கம். ஆகவே அடிக்கும் வெளியை அகலமாக வைத்தனர், மணற்பள்ளங்களைக் குறைத்தனர், குழி சூழ்ந்த பசுந்தரையின் ஏற்ற இறக்கங்களில் சாமர்த்தியத்தைச் சோதித்தனர். பதினெட்டுக் குழிகளுக்கும் செடிகொடிகளின் பெயர்களே சூட்டப்பட்டன. ஒன்று மக்னோலியா, ஒன்று கமேலியா, ஒன்று அசேலியா. எட்டாவதன் பெயர் மஞ்சள் மல்லிகை. பெயரளவில்தான் மல்லிகை, நம் வீட்டுப் பெண்கள் தலையில் சூடும் மல்லிகையின் இனமன்று.

கிளப் 1933-இல் முறையாகத் திறக்கப்பட்டது. திறந்த காலமோ பொல்லாத காலம். 1929-இல் தொடங்கிய பொருளாதார வீழ்ச்சியால் நாடே தள்ளாடிற்று. ஆயிரத்தெண்ணூறு அங்கத்தினரைச் சேர்ப்பதாகத் திட்டம். ஆனால் 1934 ஏப்ரல் வரையில் சேர்ந்தவர்கள் எழுபத்தாறு பேரே. மக்கென்ஸிக்குப் பேசிய ஊதியமும் முழுமையாகக் கொடுபடவில்லை. முதல் போட்டியைக் காணாமலே அவர் 1934 ஜனவரியில் காலமானார். கையெழுத்து மாத்திரம் காலமெல்லாம் நிற்க, கைம்முதல் கிட்டாமற்போன கலைஞர்கள் நம் நாட்டிலும் உண்டல்லவா?

கிளப்பைக் காப்பாற்ற ஒரு வழி தேவைப்பட்டது. 1934 மார்ச்சில் நாட்டின் சிறந்த ஆட்டக்காரர்களை அழைத்து ஒரு போட்டி நடத்தினர். ஓய்வு பெற்ற ஜோன்ஸும் அதில் ஆடியதால் கூட்டம் திரண்டது. ஹார்ட்டன் ஸ்மித் வென்றார். ஜோன்ஸ் பதின்மூன்றாம் இடத்தைப் பிறரோடு பகிர்ந்துகொண்டார். இதுவே இன்று உலகெங்கும் ஆண்டுதோறும் ஏப்ரலில் பேசப்படும் மாஸ்டர்ஸ் போட்டி. வல்லுநர்கள் என்னும் பொருள்படும் இப்பெயர் தற்பெருமையாகத் தோன்றியதால் ஜோன்ஸ் சில ஆண்டுகள் அதை ஏற்கவில்லை, 1939-இல்தான் இசைந்தார். தனிமை தேடிக் கட்டிய இடம், பணமுடையால் உலகையே அழைக்க வேண்டியதாயிற்று!

இரண்டாம் உலக யுத்தத்தின்போது 1943 முதல் மூன்றாண்டுகள் போட்டி நடக்கவில்லை. புல்வெளியில் மாடுகள் மேய்ந்தன, வான்கோழிகள் வளர்க்கப்பட்டன. மாடுகள் புல்லோடு அசேலியாச் செடிகளையும் தின்றன. பின்னர் மைதானத்தைச் சீர்திருத்தும் பணியில், அருகிலிருந்த இராணுவ முகாமின் ஜெர்மானியப் போர்க்கைதிகளும் ஈடுபடுத்தப்பட்டனர். ஜோன்ஸோ நாற்பது வயதைக் கடந்தும் படையில் சேர்ந்து, விமானப்படையின் உளவுப் பிரிவில் அதிகாரியாகி, 1944 ஜூனில் நார்மண்டிக் கரையில் இறங்கினார்.

கிளப்பின் இயல்பு

அகஸ்டா கிளப்பில் சேர மனுப்போட முடியாது. அங்கத்தினராக வேண்டுமென்று வாய்விட்டுக் கேட்பதே தகுதிக்குறைவு. அவர்கள் அழைத்தால் உண்டு, இல்லையேல் இல்லை. சுமார் முந்நூறு பேரே அங்கத்தினர், பட்டியலை வெளியிடுவதில்லை. அமெரிக்க ஜனாதிபதியாகப் பின்னர் விளங்கிய ஐஸன்ஹோவர் 1948-இல் சேர்ந்தார். அங்கத்தினர்கள் 1937 முதல் பச்சைக் கோட்டு அணிகின்றனர்; 1949 முதல் மாஸ்டர்ஸ் வெற்றியாளருக்கும் அது அணிவிக்கப்படுகிறது. அந்தக் கோட்டை வாயிலுக்கு வெளியே கொண்டுபோகலாகாது; வெற்றியாளர் மட்டும் ஓராண்டுக் காலம் வீட்டுக்கு எடுத்துச் செல்லலாம். கடுங்கோடையில் கிளப்பே மூடிக் கிடக்கும்.

போட்டி நாட்களில் பார்வையாளர் ஓடக் கூடாது. கைப்பேசி கொண்டுவரக் கூடாது. இக்கண்டிப்போடு ஒரு தாராளமும் உண்டு. உலகப் புகழ் வாய்ந்த இடமாயிற்றே என்று உணவுக்குக் கொள்ளை விலை வைப்பதில்லை. பாலாடைக்கட்டி வைத்த ரொட்டி ஒன்றரை டாலருக்கே கிடைக்கிறது. விருந்தினரை மதிக்கும் இப்பண்பு ஜோன்ஸ் காலத்திலிருந்து வருவது. விருந்தினர் யார், வாயிலோடு நிற்பவர் யார் என்று வகுத்த விதத்தில்தான் குறை இருந்தது.

நோயும் நிமிர்வும்

1948-இல் தம் கடைசி ஆட்டத்தை ஆடியபோது ஜோன்ஸுக்கு வயது நாற்பத்தாறு. கழுத்திலும் கையிலும் தீராத வலி. சஸ்திர சிகிச்சை செய்தும் பயனில்லை. தண்டுவடத்தின் உள்ளே நீர்ப்பை தோன்றி நரம்புகளைச் சிறிது சிறிதாக அழிக்கும் அரிய நோய் என்று 1956-இல் கண்டறிந்தனர். முதலில் கைத்தடி, பிறகு காலுக்குப் பூட்டு, கடைசியில் சக்கர நாற்காலி. மட்டையை இசைபோல் வீசிய கைகள் பேனாவையும் பிடிக்க இயலாத நிலையை அடைந்தன. அவர் தம் நோயைப் பற்றிப் புலம்பியதில்லை. கிடைத்த இடத்திலிருந்தே ஆட வேண்டும் என்ற கோல்ப் விதியையே வாழ்க்கைக்கும் வைத்துக்கொண்டார் போலும்.

1958-இல் ஸெயின்ட் ஆண்ட்ரூஸ் நகரம் அவரைத் தன் கௌரவக் குடிமகனாக்கியது. 1759-இல் பெஞ்சமின் பிராங்க்ளினுக்குப் பின் அப்பெருமை பெற்ற முதல் அமெரிக்கர் இவரே. விழா முடிந்து அவர் மண்டபத்தைவிட்டு வெளியேறும்போது, திரும்பி வரமாட்டாயோ என்று ஏங்கும் ஸ்காட்லாந்து நாட்டுப்பாடலை மக்கள் எழுந்து பாடினர். அவர் திரும்பி வரப்போவதில்லை என்பது பாடியவர்களுக்கும் தெரிந்தே இருந்தது. 1971-ஆம் ஆண்டு டிசம்பர் 18-ந் தேதி அட்லாண்டாவில் அறுபத்தொன்பதாம் வயதில் அவர் மறைந்தார். ஸெயின்ட் ஆண்ட்ரூஸ் மைதானத்தின் பத்தாவது குழி இப்போது அவர் பெயர் தாங்கி நிற்கிறது.

திறவாத கதவு

இவ்வளவோடு நிறுத்தினால் இது ஒரு புகழுரையாகிவிடும். உண்மை வரலாறாக வேண்டுமானால் மதிலின் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும்.

அகஸ்டாவில் மட்டைப் பையைச் சுமந்தவர்கள் அனைவரும் கறுப்பின மக்கள். அந்தப் பசுந்தரையின் ஒவ்வொரு சரிவும் அவர்களுக்கு உள்ளங்கை ரேகை. எந்த இடத்தில் பந்து எப்பக்கம் உருளும் என்று அவர்கள் சொல்ல, உலக வீரர்கள் கேட்டு ஆடினர். 1982 வரையில் மாஸ்டர்ஸ் ஆடுவோர் கிளப்பின் இந்தச் சுமையாளர்களையே அமர்த்திக்கொள்ள வேண்டும் என்பது விதி. ஆனால் அவர்களுடைய இனத்தவர் ஒருவர் ஆட்டக்காரராக அங்கே நுழைந்ததில்லை. முதல் மாஸ்டர்ஸ் நடந்த அதே 1934-இல் அமெரிக்கத் தொழில்முறைக் கோல்ப் சங்கம், வெள்ளையர் மட்டுமே அங்கத்தினராகலாம் என்று சட்டம் செய்தது. 1961-இல்தான் அது நீங்கிற்று. நீங்கியபின் சார்லி ஸிபர்டு என்னும் கறுப்பர் 1967-இலும் 1969-இலும் பெரிய போட்டிகளை வென்றார். மாஸ்டர்ஸ் அழைப்பு அவருக்கு வரவேயில்லை. ஜோன்ஸ் கண்மூடிய நாள்வரையில் அவருடைய போட்டியில் ஒரு கறுப்பரும் ஆடவில்லை.

போட்டியில் வென்ற எவருக்கும் அழைப்பு உண்டு என்ற விதி 1972-இல் வந்தது. 1974-இல் ஒரு போட்டியை வென்று, 1975-இல் லீ எல்டர் முதல் கறுப்பராக மாஸ்டர்ஸில் ஆடினார். முதல் கறுப்பின அங்கத்தினர் சேர்ந்தது 1990-இல். 1997-இல், இருபத்தொரு வயது டைகர் உட்ஸ் பன்னிரண்டு அடி வித்தியாசத்தில் வென்று பச்சைக் கோட்டு அணிந்தார். நம் நாட்டு ஓட்டப்பந்தய வீரர் மில்கா ஸிங்கின் மகன் ஜீவ் மில்கா ஸிங், 2007-இல் அங்கே ஆடிய முதல் இந்தியரானார்.

பெண்களுக்குக் கதவு இன்னும் காலந்தாழ்த்தே திறந்தது. 2012-இல் முன்னாள் வெளியுறவு அமைச்சர் காண்டலீசா ரைஸ், வணிகப் பிரமுகர் டார்லா மூர் ஆகிய இருவரும் அங்கத்தினராயினர். ஆறு வயதில் ஒரு சிறுமிக்குரிய கோப்பை தம்மிடம் வந்ததை மறவாமல் சொன்னவரின் கிளப்பில், பெண்கள் அங்கத்தினராக எண்பதாண்டு ஆயிற்று! 2019 முதல் அதே மைதானத்தில் பெண்கள் அமெச்சூர் போட்டியின் இறுதிச் சுற்று நடைபெறுகிறது. அலெக்ஸா ஸ்டர்லிங் அதைக் காண இல்லை.

ஜோன்ஸைக் குறைகூறுவது எளிது. அக்காலத்து அமெரிக்கத் தென்னாட்டின் வழக்கம் அது என்று சொல்லி விட்டுவிடுவதும் எளிது. நாம் இரண்டையும் செய்ய விரும்பவில்லை. புல்லுக்குள் பந்து இம்மியளவு அசைந்ததைக் கண்ட கண்கள் அவருடையவை. தம் பையைச் சுமந்தவன் ஏன் தம்முடன் ஆடவில்லை என்பது அக்கண்களுக்குப் படாமற்போயிற்று. எழுதிவைத்த விதியைக் காப்பதில் அவரை விஞ்சியவர் இல்லை. எழுதாத விதி ஒன்று தம் வாயிலிலேயே நின்று மனிதரைத் திருப்பி அனுப்பியதை, விதி என்றே அவர் காலத்தார் எண்ணவில்லை. தனிமனிதரின் நேர்மை எவ்வளவு உயர்ந்ததாயினும், அது தானாகவே அவர் அமைக்கும் நிறுவனத்தின் நேர்மையாகிவிடுவதில்லை. இதுவே நாம் கற்கும் பாடம்.

வெள்ளையர் ஆட்சியில் இந்தியருக்குக் கதவு திறவாத கிளப்புகள் நம் நகரங்களிலும் இருந்தன. அன்று வெளியே நின்றவர்களின் வழிவந்தவர்கள் நாம். பிற மொழி பேசும் ஊரில் ஆதரவு தேடி நாமே ஒரு சங்கம் கண்டு, சட்டதிட்டம் எழுதி, ஆண்டு விழா எடுக்கிறோம். நம் வாயிலில் எழுதாத விதி ஏதேனும் நிற்கிறதா என்று ஆண்டுக்கொரு முறையேனும் பார்த்துக்கொள்வது நல்லது. விழாப் பந்தலில் நாற்காலி போடும் கைகளுக்கும் அந்த நாற்காலியில் ஓர் இடம் இருக்க வேண்டுமல்லவா?

2021 ஏப்ரலில் அகஸ்டா கிளப், மாஸ்டர்ஸ் போட்டியைத் தொடங்கிவைக்கும் கௌரவத்தை லீ எல்டருக்கு அளித்தது. அப்போது அவருக்கு எண்பத்தாறு வயது. பந்தை அடிக்க உடலில் வலுவில்லை. முதற் குழியின் தொடக்கத்தில் நாற்காலியில் அமர்ந்தபடி, கையிலிருந்த மட்டையை உயர்த்திக் காட்டினார். சூழ்ந்திருந்தோர் எழுந்து நின்று கைதட்டினர். அவ்வாண்டு நவம்பரிலேயே அவர் மறைந்தார்.

அட்லாண்டாவின் ஓக்லாண்டு கல்லறைத் தோட்டத்தில் ஜோன்ஸ் துயில்கிறார். காண வருவோர் பூவுக்குப் பதில் கோல்ப் பந்துகளை வைத்துவிட்டுச் செல்கின்றனர். அங்கே செல்ல அழைப்புத் தேவையில்லை. யார் வேண்டுமானாலும் சென்று ஒரு பந்தை வைத்து வணங்கி வரலாம்.